இரட்டை டேங்கும் ஒற்றைச் சொல்லும்

வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றும் நாளில் என் மனைவி ஏதாவது சாக்குச் சொல்லி என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவாள். நான் இருந்தால் காரியம் நடக்காது. வாஷர் இருக்கிறதா என்று பார்ப்பேன். திருகைத் தொட்டுப் பார்ப்பேன். காதை வைத்துக் கேட்பேன், மூக்கை வைத்து முகர்வேன், சோப்புத் தண்ணீர் தடவிவிட்டுக் குமிழி வருகிறதா என்று குந்தி உட்கார்ந்திருப்பேன். காலைப் பலகாரம் மதியச் சாப்பாடாகிவிடும்.

"இது சமைக்கிற கேஸுங்க. இதை முதுவுல மாட்டிகினு நீங்க ஏரியில எறங்கப் போறதில்ல" என்பாள்.

அவள் சொல்வது சரிதான். ஆனால் கைக்குத் தெரியவில்லையே. வேலையை விட்டு ஓய்வு பெற்றவன் நான்தான், என் பயம் இன்னும் பணியில் இருக்கிறது.

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொறியாளராம்.

"ஐயா, வணக்கங்க. நீங்க அந்தக் காலத்துல தண்ணிக்குள்ள போட்டோ எடுக்கிற குழுவுல இருந்தீங்களாமே. எங்களுக்கும் ஒரு மதகு வேலை வந்திருக்கு. ஆழம் கம்மிதான், ஆனா ரொம்ப நேரம் உள்ள இருக்கணும். டேங்க் வாடகைக்கு எடுக்கிறோம். ரெண்டைச் சேர்த்து மாட்டினா நேரம் கிடைக்கும்ல? நீங்கல்லாம் எப்படிப் பண்ணீங்க?"

"அப்புறம் கூப்பிடுறேம்மா" என்று வைத்துவிட்டேன். மறுநாள் கூப்பிட்டு அவளிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருத்தணி. அப்பாவுக்குப் பொதட்டூர்பேட்டையில் தறி. எங்கள் வீட்டில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் வரும். எது எந்த மொழி என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. நான் தறிப் பக்கம் போகாமல் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் இருட்டறையில் படம் கழுவக் கற்றுக்கொண்டேன். பிறகு ஏரி, மதகு, அணைக்கட்டு என்று பார்க்கிற ஓர் அரசுத் துறையில் போட்டோ பிரிவில் உதவியாளனாகச் சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. சேர்ந்த சில ஆண்டுகள் வெறும் மருந்துத் தண்ணீரும் நனைந்த படங்களும்தான். சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

அந்தப் பிரிவுக்குத் தலைவராக வந்தார் பொன்னையா சார். தூத்துக்குடிக்காரர். சங்கு குளிக்கிற குடும்பம். படித்து அரசு வேலைக்கு வந்தவர், தண்ணீரை மட்டும் விடவில்லை. ஏரிக்குள் இறங்கி மதகுச் சுவரைப் படம் எடுக்கலாம் என்று மேலிடத்தில் பேசி அனுமதி வாங்கிவிட்டார். கூடவே இறங்க, கயிறு பிடிக்க ஆள் வேண்டும். பிரிவில் இருந்தவர்களை வரிசையாக நிற்க வைத்து, "யாருக்குடே தண்ணின்னா பயம்?" என்று கேட்டார். நான் மட்டும் கையைத் தூக்கினேன். கிணற்றில் நன்றாக நீந்துவேன், ஆனால் பயம் என்று உண்மையைச் சொன்னேன்.

"நீதான் வேணும்" என்றார். அன்று அது எனக்குப் பெருமையாக இல்லை. வேறு யாராவது பொய் சொல்லாமல் கையைத் தூக்கியிருக்கலாமே என்றுதான் தோன்றியது.

அவரும் பயந்தவர்தான். ஆனால் அவர் பயம் கை கால் முளைத்து வேலை செய்யும் பயம். ஒன்றை மூன்று முறை கேட்பார். நாம் சலித்துக்கொண்டால் நான்காவது முறை கேட்பார். "ஆச்சு சார்" என்று சொன்னால் எரிந்து விழுவார்.

"என்னடே ஆச்சு? கல்யாணமா ஆச்சு? எது எப்படி இருக்கோ அதைச் சொல்லுடே. கையை அது மேல வச்சுச் சொல்லு."

எங்களுக்கு ஏன் ஒரு டேங்க் போதவில்லை என்று அந்தப் பெண்ணும் கேட்டாள். ஏரித் தண்ணீர் கடல் மாதிரி தெளிவாக இருக்காது. ஆள் இறங்கினாலே அடிமண் கிளம்பிவிடும். டீயில் பால் ஊற்றியது போல ஆகிவிடும். மதகுக்குள் போய், அசையாமல் குப்புறப் படுத்து, மண் தானாகக் கீழே படியும் வரை காத்திருக்க வேண்டும். படிந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேமராவைத் தூக்கி, கல்லுக்கு ஒரு முழம் கிட்டே வைத்து, பல்பு அடித்துப் படம் எடுக்க வேண்டும். அதற்குள் ஒரு டேங்க் தீர்ந்துவிடும். வெளியே வந்து மாற்றிக்கொண்டு போனால் மறுபடி கலங்கல். ஆழம் இரண்டு ஆள் உயரம்கூட இருக்காது, அதனால் உடம்புக்குக் கேடில்லை. காற்று ஒன்றுதான் தட்டுப்பாடு.

ஆகவே இரண்டைச் சேர்த்தோம். வளைந்த பித்தளைக் குழாய் ஒன்று இரண்டு டேங்கின் தலையையும் இணைக்கும். அதன் நடுவில் மூச்சுக் குழாய் மாட்டும். மாட்டு வண்டி பார்த்து வளர்ந்த நாங்கள் அந்தக் குழாய்க்கு நுகத்தடி என்று பெயர் வைத்தோம்.

டேங்குகள் மதராஸ் துறைமுகத்துப் பக்கத்திலிருந்து வாடகைக்கு வரும். கடலில் விழுந்த நங்கூரம் தூக்குகிற ஒருவர் வைத்திருந்தார். வாடகை டேங்குகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. ஒன்று நிறைந்திருக்கும். இன்னொன்று நிறைந்திருப்பதாகச் சொல்லப்படும். ஒரு முறை சார் மூச்சுக் குழாயை வாயில் வைத்து இழுத்துவிட்டுத் துப்பினார். "லாரி பின்னால நின்னு நிரப்பியிருக்கான்" என்றார். புகை வாடை. அன்றைய வேலையை ரத்து செய்து அத்தனையையும் திருப்பி அனுப்பினார். இன்னொரு முறை திருத்தணி பஜாரில் வெல்டிங் கடைக்காரர் ஒருவர் நல்ல மனதோடு, "காத்துதானேங்க? என்கிட்ட ஆக்சிஜன் கீது, புடிச்சித் தரேன். சுத்தமான சரக்கு" என்றார். சார் அவரிடம் கையெடுத்துக் கும்பிட்டார். எண்ணெய்ப் பசை உள்ள இடத்தில் அது வெடித்துவிடும் என்று அவர் சொல்லிப் புரிய வைப்பதற்குள் நான் தெருவைத் தாண்டிப் போய் நின்றுகொண்டேன்.

இணைக்கும்போது சார் செய்வதை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முதலில் ஒவ்வொரு டேங்குக்கும் தனியே மீட்டர் வைத்துப் பார்ப்பார். பிறகு வால்வை ஒரு நொடி திறந்து மூடுவார். வால்வின் வாயில் இருக்கும் தூசி 'புஸ்' என்று போய்விடும். வாஷரைக் கீழுதட்டில் வைத்து உருட்டிப் பார்ப்பார். விரலுக்குத் தெரியாத மணல் உதட்டுக்குத் தெரியுமாம். நுகத்தடியைக் கையால் மட்டுமே முடுக்க வேண்டும், ஸ்பேனரை எடுத்தால் திட்டு. காற்று குறைந்த டேங்கை முதலில் திறந்துவிட்டு, நிறைந்ததை மெல்ல மெல்லத் திறப்பார். நிறைந்ததிலிருந்து குறைந்ததற்குக் காற்று பாயும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நிற்கும் வரை யாரும் பேசக்கூடாது. நான் மூச்சே விடமாட்டேன்.

கடைசியில் ஒரு விஷயம். இரண்டு வால்வையும் முழுக்கத் திறந்துவிட்டு, கால் சுற்று திருப்பி விடச் சொல்வார்.

"முழுசாத் தொறந்த வால்வும் அசையாது, முழுசா மூடின வால்வும் அசையாது. கைக்கு ரெண்டும் ஒண்ணுதான்டே. கால் சுத்து திருப்பி விட்டா, தொறந்தது மட்டும் ரெண்டு பக்கமும் ஆடும். கண்ணு தெரியாத எடத்துல கைதான் கண்ணு."

அதன் பிறகு நான் வால்வுகள் மேல் கையை வைத்து உரக்கச் சொல்ல வேண்டும்: "வலது திறந்திருக்கு. இடது திறந்திருக்கு." அதைக் கேட்ட பிறகுதான் அவர் தண்ணீரில் கால் வைப்பார்.

இவ்வளவு பார்க்கிற மனிதருக்குத்தான் அது நடந்தது.

திருவாலங்காட்டுக்குப் போகிற வழியில், உள்ளே தள்ளி ஓர் ஏரி. பழைய கல் மதகு. கரைக்கு வெளிப்பக்கம் ஓரிடத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர் ஊறினால் பரவாயில்லை. இது மண் நிறத்தில் ஊறியது. உள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். ஏரியைத் திறந்துவிட்டுப் பார்த்துவிடலாம் என்று மேலிடம் சொன்னது. ஆடி மாதம் அது. சொர்ணவாரிப் பட்டத்து நெல் பால் பிடித்து நின்றது. ஏரியைக் காலி செய்தால் கீழே அத்தனை வயலும் போச்சு. விட்டுவைத்தால் ஐப்பசி மழையில் கரையே போகலாம். உள்ளே கல் நகர்ந்திருக்கிறதா என்று படம் எடுத்துக் காட்டுகிறேன், அதுவரை பொறுங்கள் என்று சார் வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஆடிக் கிருத்திகை நெருங்கியிருந்தது. சாலையெல்லாம் காவடிக் கூட்டம். ஜீப் போக முடியாத இடத்திலிருந்து நாங்கள் இரட்டை டேங்கை ஒரு மூங்கிலில் தொங்கவிட்டு, முன்னும் பின்னுமாகத் தோளில் தூக்கிக்கொண்டு போனோம். எதிரே வந்த ஒரு கூட்டம் அதைப் பார்த்து, "அரோகரா!" என்று கோஷம் போட்டது. ஒரு பெரியவர் என் காலில் தண்ணீரே ஊற்றிவிட்டார். சிரிப்பு வந்தது. முருகா, இதையும் ஒரு காவடியாகக் கணக்கில் வைத்துக்கொள் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

மூங்கிலின் மறுமுனையைத் தூக்கி வந்தவர் சுப்பையா. டேங்க் உரிமையாளர் தன் பொருளோடு தன் ஆளையும் அனுப்புவார், அந்த ஆள். ஆந்திராவில் புத்தூர்ப் பக்கம். துறைமுகத்தில் பல வருடம் வேலை செய்து தமிழ் நன்றாகப் பேசுவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்றாலும் என்னை, அப்பா என்கிற பொருளில், "நைனா" என்றுதான் கூப்பிடுவார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். அதுதான் வினையாகப் போயிற்று.

மதகு என்பது கரைக்கு அடியில் போகும் கல் பொந்து. ஏரிப் பக்க வாயிலில் ஓர் ஆள் படுத்து நுழையலாம். இரட்டை டேங்கோடு நுழைந்தால் மேல் பலகைக் கல்லுக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு கை புகும் இடம்தான் இருக்கும். உள்ளே போனவர் திரும்ப முடியாது. வந்த வழியே பின்னால்தான் ஊர்ந்து வர வேண்டும். தண்ணீர் இழுக்காமல் இருக்க வெளிப்பக்க வாயை மண் மூட்டை போட்டு அடைத்திருந்தோம். இதையெல்லாம் நினைத்து முந்தின நாளே எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் எல்லாம் முறைப்படி நடந்தது. மீட்டர், வாஷர், நுகத்தடி, கால் சுற்று. கையை வைத்துச் சொன்னேன்: "வலது திறந்திருக்கு. இடது திறந்திருக்கு." சார் தலையசைத்தார். நான் கேமராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் இடுப்பளவுத் தண்ணீருக்குள் போனேன். பின்னால் நடந்தது எனக்குத் தெரியாது. பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சார் தண்ணீரில் கால் வைக்கும்போது வலப்பக்க டேங்க் முதுகில் லேசாக ஆடியிருக்கிறது. பட்டை தளர்ந்திருக்க வேண்டும். பின்னால் நின்ற சுப்பையாவிடம் திரும்பாமலே, "அதைக் கட்டுடே" என்றார். முதுகில் கை பட்டது. டேங்கை யாரோ பிடித்து ஏதோ செய்வது தெரிந்தது. சரி, பட்டையை இறுக்கிவிட்டான் என்று நடந்தார்.

என்னிடமிருந்து கேமராவை வாங்கிக்கொண்டு மதகுக்குள் போனார். நான் கயிற்றோடு கரையேறி உட்கார்ந்தேன். கயிற்றுக்கு ஒரு பாஷை உண்டு. நான் ஒரு முறை சுண்டினால் 'நலமா?' என்று அர்த்தம். அவர் ஒரு முறை சுண்டினால் 'நலம்.' நான் பல முறை சுண்டினால் 'வெளியே வா.' அவர் நீளமாக ஓர் இழுப்பு இழுத்தால், மண் படியக் காத்திருக்கிறேன், நானாகச் சொல்லும் வரை கயிற்றைத் தொடாதே என்று பொருள். கயிறு அசைந்தால் அவர் உடம்பு அசையும், உடம்பு அசைந்தால் மண் கிளம்பும், அவ்வளவு நேரக் காத்திருப்பும் வீண்.

நீளமான இழுப்பு வந்தது. நான் கயிற்றைப் பிடித்தபடி கையை முழங்காலில் வைத்துக்கொண்டேன்.

பொந்துக்குள் இருப்பவர் விடும் மூச்சு நேரே மேலே வராது. மேல் கல்லில் சேர்ந்து சேர்ந்து, ஒரு கொத்தாக வாயில் வழியே வெளிவரும். ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் நடுவில் எனக்கு உயிர் போய் உயிர் வரும். சாரின் கைக்கடிகாரம் என் கையில் இருந்தது. முள் ஒரு டேங்க் நேரத்தை நெருங்கியது. இன்னும் ஒரு டேங்க் முழுசாக இருக்கிறது என்று நான் தைரியமாக இருந்தேன். என் ஆயுசிலேயே நான் அவ்வளவு தைரியமாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

சுப்பையா பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெற்றிலை மடித்தார்.

"சாரு கெட்டிக்காரரு நைனா. கொஞ்சம் கொஞ்சமா மூச்சு உடறாரு. ஒத்த டேங்க்கே இவ்ளோ நேரம் வருதே."

"ஒத்த டேங்க்கா? ரெண்டும் சேர்ந்துதானே வரும்?"

"இல்ல நைனா. இன்னோண்ணு எப்ப தீயணும்னு சாரு சொல்லவேயில்லியே. வெளிய வந்து சொல்லுவாரா?"

தீயணும் என்றால் எங்கள் பக்கத்து வீடுகளில் திறக்கணும் என்று பொருள். கதவைத் தீய், பெட்டியைத் தீய் என்பது நான் தினமும் கேட்டு வளர்ந்த தெலுங்கு.

"என்னா சொல்றே நீ? ரெண்டும் தொறந்துதானே இருந்திச்சு? நான் கைய வச்சிச் சொன்னேனே!"

"ஆங், தொறந்துதான் இருந்திச்சு. அப்புறம் சாரே அதைக் கட்டேய்னாரு. கட்டிட்டேன்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. எங்கள் அம்மா தெருக் குழாயில் குடம் நிறைந்ததும் வாசலிலிருந்து கத்துவாள்: "கொளாய் கட்டேய்ரா!" குழாயை மூடு என்று அர்த்தம். விளக்கை அணைக்கவும் கட்டேய்தான். தெலுங்கு கலந்து பேசும் எந்த வீட்டிலும் திருகு உள்ள ஒரு பொருளைக் கட்டு என்றால் மூடு என்று பொருள். தூத்துக்குடிக்காரர் பட்டையைக் கட்டச் சொன்னார். அவர் ஊர் 'டே' அதன் வாலில் ஒட்டிக்கொண்டு, 'கட்டுடே' என்பது புத்தூர்க்காரர் காதில் அச்சு அசலாகக் 'கட்டேய்' என்று விழுந்துவிட்டது. துறைமுக வேலையில் ஒரு டேங்கை மூடி மிச்சம் வைப்பது வழக்கமாம். அதனால் சுப்பையாவுக்குச் சந்தேகமே வரவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தேன். முள் ஒரு டேங்க் நேரத்தைத் தாண்டியிருந்தது.

கயிற்றைத் தொடாதே என்ற உத்தரவு என் கையில் இருந்தது. இழுத்துவிட்டு, உள்ளே அவர் நன்றாக இருந்தால்? காலை முழுதும் வீண், இனியும் பொறுக்காமல் மேலிடத்தில் ஏரியைத் திறக்கச் சொல்வார்கள். ஒரு கணம் இதையும் யோசித்தேன், மறைப்பானேன். பிறகு பல முறை சுண்டினேன். பதில் இல்லை. இன்னும் வேகமாகச் சுண்டினேன். கயிறு ஏதோ கல் விளிம்பில் மாட்டிக்கொண்டு கல்லைத்தான் இழுத்தது. மதகு வாயைப் பார்த்தேன். குமிழி வரவில்லை. எனக்கு அழுகை வந்தது.

"கயித்த புடி. நான் சொல்லாம இழுக்காதே" என்று சுப்பையாவிடம் கொடுத்துவிட்டு, சட்டையோடு குதித்தேன்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டே கீழே போனேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மதகு வாயிலின் கல் தலையில் இடித்தது. உள்ளே கையை விட்டேன். துடுப்புச் செருப்பு கையில் பட்டது. அது உதைத்துக்கொண்டிருந்தது. உயிர் இருக்கிறது! அவர் கால்கள் மேல் ஊர்ந்து, மேல் கல்லுக்கும் டேங்குக்கும் நடுவில் வலக் கையை நுழைத்தேன். தோல் உரிந்தது அப்போது தெரியவில்லை. விரல் முதலில் நுகத்தடியைத் தொட்டது. பிறகு ஒரு வால்வு. எது திறந்தது, எது மூடியது? திறந்திருப்பதை நான் தப்பாகத் திருகி மூடிவிட்டால் அவருக்கு அந்தக் கடைசி மூச்சும் இல்லை. திருகை லேசாக அசைத்தேன். இரண்டு பக்கமும் ஆடியது. கால் சுற்று! அது திறந்த வால்வு. கையை நகர்த்தி அடுத்ததைப் பிடித்தேன். கல் மாதிரி இருந்தது. இடப்பக்கம் திருகினேன். அசையவில்லை. என் நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. இன்னொரு முறை முழுப் பலத்தோடு திருகினேன்.

காற்று பாயும் சத்தம் தண்ணீருக்குள் அவ்வளவு உரக்கக் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. சார் திடுக்கிட்டு உதைத்த உதை என் தாடையில் விழுந்தது. அப்படியே பின்னால் வந்து மேலே எழும்பி, கரையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். தலை நிமிர்ந்தபோது மதகு வாயிலிருந்து குமிழிகள் கொத்துக் கொத்தாக வந்துகொண்டிருந்தன. சுப்பையா கயிற்றைப் பிடித்தபடி, "ஒச்சேசிந்தி நைனா, வந்துட்டுது, வந்துட்டுது" என்று இரண்டு மொழியிலும் அழுதுகொண்டிருந்தார்.

சார் பின்னால் ஊர்ந்து வெளியே வந்தார். கரையில் உட்கார வைத்து டேங்கைக் கழற்றினோம். உதடு நீலமாக இருந்தது. வலக் கையைப் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பார்த்தார். உள்ளே அவருக்கு மூச்சு இறுகியதும் அந்தக் கையைத்தான் பின்னால் கொண்டுபோகப் பார்த்திருக்கிறார். மேல் கல் இடித்து எட்டவில்லை. இப்போது வெட்டவெளியில் எட்டியது.

எனக்குச் சுப்பையாவை அடித்துவிடலாம் போல இருந்தது. சார் சத்தமே போடவில்லை.

"நான் என்ன சொன்னேன்? நீ கேட்டதை அப்படியே சொல்லு" என்றார்.

"கட்டேய்னீங்க சார்."

"கட்டேய்னா உங்க ஊர்ல என்ன?"

சுப்பையாவுக்கு முந்திக்கொண்டு நான் சொன்னேன். எங்கள் அம்மா, தெருக் குழாய், குடம் எல்லாவற்றையும் சொன்னேன். சார் சுப்பையாவின் தோளில் கையை வைத்தார்.

"அவன் மேல என்னடே தப்பு? சொன்னதைத்தானே செஞ்சான். இத்தனை வருசமா வாஷரை உதட்டுல வச்சுப் பாத்தேன். வார்த்தையைப் பாக்கலையே."

மறுநாள் அதே டேங்குகளை நிரப்பி வாங்கிக்கொண்டு அவர் மறுபடி இறங்கினார். தொடமாட்டேன் என்று கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்ற சுப்பையாவைக் கூப்பிட்டு, அவரையே வால்வில் கை வைத்துச் சொல்ல வைத்தார். படம் கிடைத்தது. ஒரே ஒரு பலகைக் கல் இறங்கியிருந்தது. ஏரியைத் திறக்காமலே வெளிப்பக்கமிருந்து சரி செய்தார்கள். நெல் வீட்டுக்குப் போயிற்று.

அன்று முதல் எங்கள் பிரிவில் 'கட்டு' என்ற சொல்லுக்குத் தடை. பட்டையை இறுக்கு, கயிற்றை முடிச்சுப் போடு, வால்வை மூடு, வால்வைத் திற. வேட்டியைக்கூட உடுத்த வேண்டும், கட்டக்கூடாது. ஃபைல் கட்டு என்று சொன்ன குமாஸ்தாவைச் சார் பார்த்த பார்வையில் அது ஃபைல் மூட்டை ஆகிவிட்டது. அணைக்கட்டை மட்டும் அரசாங்கம் வைத்த பெயர் என்பதால் விட்டுவைத்தார். நாங்கள் சிரித்தோம், ஆனால் யாரும் மீறவில்லை. யாராவது வெளியாள் வந்து அந்தச் சொல்லைச் சொன்னால் நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்புவோம்.

அந்தப் பெண்ணிடம் இதைத்தான் சொன்னேன். இரண்டு டேங்கை இணைப்பதை முறையாகப் பயின்றவர்கள் பக்கத்திலிருந்து செய்து காட்டுவார்கள், அதைக் கேட்டு நட. கூடவே, உன் முதுகுக்குப் பின்னால் நிற்கிற ஆள் எந்த ஊர் என்று கேள். அவர் வீட்டில் குழாயை மூடுவதற்கு என்ன சொல்வார்கள் என்று கேள். அவள் சிரித்தாள். பிறகு, "கேக்கிறேங்க ஐயா" என்றாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவளிடம் சொல்லாதது.

அடுத்த தை மாதம் எனக்குத் திருத்தணி மலை மேல் கல்யாணம். பெண்ணுக்கு ஊர் கே.ஜி.கண்டிகை. பொன்னையா சார் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து, முன் வரிசையில், கையில் அட்சதையோடு நின்றார். மலையில் அன்று ஏகப்பட்ட கல்யாணம், அடுத்த கோஷ்டி மண்டபத்துக்கு வெளியே காத்திருந்தது. ஐயர் தாலியை என் கையில் கொடுத்தார். மேளம் உச்சத்துக்குப் போனது. என் தாய்மாமன் அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினார்:

"முகூர்த்தம் போவுது! கட்டுப்பா, கட்டு!"

பழக்கம் விடுமா? நான் தாலியைப் பிடித்தபடி தலையைத் திருப்பி சாரைப் பார்த்தேன். அவர் வலக் கை தோளுக்கு மேல் போய்ப் பிடரிக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருந்தது. விரல்கள் திருகிக்கொண்டிருந்தன. கண் என்னைப் பார்க்கவில்லை. முகத்தில் அந்த ஏரிக்கரை நிறம்.

"இன்னாப்பா பாத்துகினு நிக்கிறே? கட்டு!" என்றார் மாமன் மறுபடியும்.

மூன்று முடிச்சையும் போட்டேன். முடிச்சின் மேல் கையை வைத்தேன். மேளத்துக்கு மேலே கேட்கும்படி சாரைப் பார்த்துச் சொன்னேன்:

"வலது திறந்திருக்கு சார். இடது திறந்திருக்கு."

குனிந்திருந்த மணப்பெண் வெடுக்கென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மாமன் வாயைப் பிளந்தார். சாரின் கை மெல்லக் கீழே இறங்கியது. உள்ளங்கை காலியாக இருந்தது. அவர் திரும்பியபோது பார்த்தேன்: எங்களுக்குப் போட வைத்திருந்த அட்சதை முழுவதும் அவர் முதுகில், டேங்க் இருக்கும் இடத்தில், வியர்த்த சட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.